பக்கத்து மேசை அக்கா

காற்று சரியில்லையென்றால் அந்த அக்கா சுடமாட்டார். போட்டி நடந்துகொண்டிருக்கும். மற்ற மேசைகளில் எல்லாரும் சுட்டு முடித்து, துவக்கைத் திறந்து வைத்துவிட்டுக் கோப்பிப் போத்தலைத் தேடுவார்கள். அக்கா மட்டும் துவக்குக் கட்டையில் கன்னத்தை வைத்தபடி குனிந்திருப்பார். ஒரு கண் தொலைநோக்கியில் இருக்கும். மற்றக் கண் வெளியில் நாட்டியிருக்கிற கொடிகளில் இருக்கும். கொடி ஒருக்கால் இடப்பக்கம் போகும், ஒருக்கால் தொய்ந்து விழும், பிறகு துடித்து எழும்பும். அக்காவின் விரல் அசையாது. நேரம் முடிந்ததென்று அறிவிப்பார்கள். அவருடைய அட்டையில் நாலைந்து வட்டங்கள் ஓட்டை எதுவும் இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும்.

"ஏனக்கா சுடேல்லை?"

"என்ரை காற்று வரேல்லை, தம்பி."

இதைக் கவலையாகவோ பெருமையாகவோ சொல்லமாட்டார். பஸ் வரவில்லை என்று சொல்கிறமாதிரிச் சொல்லுவார்.

இந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். இது நின்று சுடுகிறதல்ல, படுத்துச் சுடுகிறதுமல்ல. பாரமான ஒரு மேசைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து சுடுகிறது. பெஞ்ச்ரெஸ்ட் என்று பெயர். துவக்கின் முன்பக்கத்தை ஒரு தாங்கி தாங்கும், பின்பக்கத்தை ஒரு மணல்பை. ஐம்பது மீற்றர் தள்ளி ஒரு கடதாசி அட்டையில் இருபத்தைந்து சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரேயொரு வெடி. ரவை மிகச் சிறியது, அவ்வளவு வேகமும் இல்லாதது. அதனால் காற்று அதைத் தன்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும். சுடாமல் விட்ட வட்டத்துக்கு சைபர். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால்கூடப் பத்துக்கு ஆறோ ஏழோ புள்ளி கிடைக்கும். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. அக்காவுக்கும் தெரியும்.

கிளப் தலைவர் பன்றிப்பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கைகள். ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கடை பாஷையில் அவவுக்கு விளங்கப்படுத்து. சும்மா சுட்டாலே மூன்றாமிடம் வந்திருப்பா" என்றார்.

"அவவின்ரை டெனிஷ் என்ரையைவிட நல்லது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தானே போய்ச் சொன்னார். அக்கா மரியாதையாகக் கேட்டார். பிறகு டெனிஷில் சொன்னார், "பிழைக்குமென்று தெரிந்துகொண்டு சுட எனக்கு விருப்பமில்லை."

தலைவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அந்தக் கிளப் டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி, குடாக்கடலுக்குப் பக்கத்து ஊரொன்றில் இருந்தது. நான் அங்கே போனது துவக்கில் இருந்த ஆசையால் அல்ல. மனைவி பிள்ளைகளோடு கோப்பன்ஹேகனுக்குப் போய்விட்டிருந்தாள். வீட்டில் குளிர்பெட்டி இரைகிற சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது. குடும்ப வைத்தியரிடம் நித்திரைக் குளிசை கேட்கப் போனேன். அவர் எந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்று கேட்டார். இந்த நாட்டில் எந்தக் கஷ்டத்துக்கும் கடைசியில் ஏதாவது ஒரு சங்கத்தில் சேரச் சொல்வார்கள். என் வீட்டுக்குக் கிட்டவாக இருந்த சங்கம் சுடுகிற சங்கம்தான். காதை மூடிக்கொண்டு இருக்கலாம், ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்துப் போனேன்.

இலையுதிர் காலம். விளையாட்டு மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் புதியவர்களுக்கான மாலை. பத்துப் பன்னிரண்டு பேர் கதிரைகளில் இருந்தோம். தலைவர் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் யாரோ பயிற்சி வெடியொன்றைச் சுட்டார்கள். டெனிஷ்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. திடுக்கிட்டது இரண்டு பேர். ஒன்று நான். மற்றது கடைசி வரிசையில், நீலக் குளிரங்கியைக் கழற்றாமல் இருந்த ஒரு தமிழ்ப் பெண். ஐம்பதைத் தாண்டிய வயதிருக்கும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் மெல்லச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்கிடையில் அறிமுகம் அவ்வளவுதான்.

கோப்பி நேரத்தில், "எந்த ஊர்?" என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் இப்படி நடப்பது அபூர்வம்.

"தோள் ரெண்டும் போச்சு, தம்பி" என்றார். "ஆக்களைத் தூக்கித் தூக்கி. நிண்டு செய்யிற விளையாட்டு ஒண்டும் எனக்குச் சரிவராது. இது இருந்துகொண்டு செய்யிறது எண்டு பேப்பரில கிடந்தது."

அவர் வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை செய்தார்.

அறையின் வலப்பக்கச் சுவரோடு இருந்த கடைசி மேசையை அவர் எடுத்தார். அதற்கு இடப்பக்கத்து மேசை எனக்கு வந்தது. உள்ளேயும் வெளியேயும் அப்படித்தான். சில வருசங்கள் நான் அவருடைய இடது பக்கத்திலேயே இருந்தேன்.

இந்த விளையாட்டு பணக்காரருக்குரியது என்று இணையத்தில் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். முதல் மாதமே விலைப்பட்டியல்களைப் பார்த்துவிட்டு, இது எங்களுக்குச் சரிவராது என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஏன் இப்பவே வாங்கவேணும்?" என்றார். "கிளப்பில துவக்கு கிடக்கு. அதில சுடுவம். அந்தத் துவக்கைவிட நாங்கள் நல்லாய்ச் சுடத் துவங்கின பிறகு வாங்கலாம்."

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிளப்பின் பழைய துவக்கில்தான் சுட்டோம். பொலிஸ் அனுமதிக்கும் காலமெடுக்கும் என்பதால் அதுவே வசதியாகவும் போயிற்று. பின்மணல்பையை அக்கா வீட்டில் தைத்தார். மகனுடைய பழைய டெனிம் காற்சட்டையின் காலை வெட்டி, உள்ளே அரிசி போட்டு. பை நல்லாகத்தான் இருந்தது. ஆனால் மாசி மாதத்தில் நிலக்கீழ் அறையின் ஈரம் அரிசிக்குள் இறங்கி ஒரு மணம் வரத் தொடங்கியது. தலைவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அறை முழுக்கத் தேடினார், எலி செத்துக் கிடக்கிறதென்று. அக்கா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் வேறொரு தடவை காணவில்லை. அடுத்த கிழமை கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

முன்தாங்கியை நான் செய்தேன். பால் ஆலையில் இயந்திரங்கள் திருத்துவதுதான் என் வேலை. கழித்துப் போட்ட இரும்புத்தட்டில் மூன்று கால் ஒட்டி, உயரம் மாற்ற ஒரு திருகாணி வைத்து இரண்டு தாங்கி செய்தேன். ஒன்று அவருக்கு. வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு கால் ஒரு மயிரளவு கட்டை என்றார். சரிபார்த்தேன். கட்டைதான்.

துவக்கு வாங்கும் காலம் வந்தபோது இரண்டு பேரும் பழையதுதான் வாங்கினோம். விளையாட்டை விட்ட ஒரு கிழவரிடம் அவர் வாங்கினார். கட்டையில் கீறல், பூச்சுப் போயிருந்தது, குழல் மட்டும் நல்லது. பிறகுதான் தெரிந்தது, துவக்கைவிட ரவைதான் சிக்கலென்று. ஒரு துவக்குக்குப் பிடித்த ரவை மற்றதுக்குப் பிடிக்காது. விலை கூடினதுதான் நல்லாகப் போகும் என்றும் இல்லை. கடையில் வகைவகையாகப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரிசோதிக்க எங்களிடம் வசதியில்லை. அக்கா ஒரு வெறும் ஐஸ்கிறீம் பெட்டியோடு மேசை மேசையாகப் போனார். "உங்கடை ரவையில் ஒரு பத்துத் தருவீங்களோ? என்ரை துவக்குக்கு எது பிடிக்குமெண்டு பாக்கவேணும்." ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. வாங்கின எல்லாவற்றையும் ஒரு காற்றில்லாத மாலையில் ஒவ்வொரு வகையாகச் சுட்டுப் பார்த்தார். கடைசியில் அவருடைய துவக்குக்குப் பிடித்தது பயிற்சிக்கென்று விற்கிற மலிவான ரவை. அதைக் கேட்டு அரைவாசிக் கிளப் அந்த ரவைக்கு மாறியது. அவர்களுடைய துவக்குகளுக்கு அது பிடிக்கவில்லை.

வசந்தத்தில் வெளியே போனோம். வெளியே போனால் காற்றுக்கொடி வேண்டும். கடையில் விற்கிற கொடிகள் எங்களுக்குக் கட்டுபடியாகாது. அக்கா தன் பழைய நைலெக்ஸ் சேலையை விரலளவு அகலத்துக்குக் கிழித்து, மாட்டுவேலிக்கு நாட்டுகிற பிளாஸ்ரிக் தடிகளில் கட்டினார். ஒன்று பச்சை, மற்றது கரையோடு சேர்ந்த மஞ்சள். நைலெக்ஸ் என்றால் காற்று தொட்டவுடன் எழும்பும். தலைவர் வந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், தனக்கும் வேண்டும் என்றார். கோடை முடிவதற்குள் அந்தச் சுடுதளம் முழுக்க அக்காவின் சேலைதான் பறந்தது. குடாவின் பக்கமிருந்து மேல்காற்று வரும்போது எல்லாத் தடியிலும் ஒரே சேலை ஒரே பக்கம் சாயும். பார்க்க வடிவாக இருக்கும். அந்த வடிவுக்கு நடுவில் அக்கா சுடாமல் இருப்பார்.

குளிர்காலத்தில், உள்ளே, காற்றில்லாத இடத்தில் அவர்தான் முதலாவது. "உள்ளுக்கை நான் கெட்டிக்காரி" என்று சொல்லுவார். கோடையில் கடைசி மூன்று பேருக்குள் வருவார்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியவந்தபோது நல்லாக எடுபடவில்லை. ஸ்கீவவிலும் சுற்றியும் இருக்கிற தமிழர் கொஞ்சப் பேர்தான். ஒருவர் இருமினால் எல்லாருக்கும் கேட்கும். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒரு பெரியவர் அக்காவை நேரடியாகவே கேட்டார். "நாங்கள் துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்துச் சுடுறியளோ?"

அக்கா சாப்பாட்டுத் தட்டோடு நின்றார்.

"அங்கை ஆக்களைச் சுட்டவை, அண்ணை. நான் கடதாசியைச் சுடுறன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கடதாசி திருப்பி ஒண்டும் கேக்காது" என்றார்.

அக்கா தள்ளிப் போனபிறகு எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் காதுக்குள் சொன்னாள். "உவ புருசன் சாகக்கிடக்க மகனுக்குச் சொல்லாமல் விட்டவ. மகன் இப்ப முகம் குடுக்கிறேல்லை."

நான் அதை நம்பவில்லை. நம்பாமல் விடவும் முடியவில்லை.

அக்காவின் வேலையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கதை தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை. தலைவர்தான் சொன்னார். அவருடைய தம்பி பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனவர். காலையில் சட்டை போட்டுவிட வருகிறவர்கள் எல்லாரும் சடசடவென்று பொத்தானைப் பூட்டிவிட்டு ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்த வீட்டில் இன்னொருவர் காத்திருப்பார். அக்கா மட்டும் சட்டையைக் கொடுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்துகொள்வார். தம்பியார் ஒரு கையால் ஒரு பொத்தானைப் பிடிப்பார், அது நழுவும், திரும்பப் பிடிப்பார். அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கு வெட்கமாக இருக்கக்கூடாதென்று. வேலைக்கு வைத்திருந்த நகராட்சியான கொம்யூனில் இருந்து பேச்சு விழுந்தது. ஒவ்வொரு நாளும் பிந்துகிறார் என்று. "அவர் தானே பூட்டுவார். நேரம்தான் வேணும்" என்று அக்கா சொன்னாராம்.

"பூட்டினாரா?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"செத்த அன்று காலையும் தானே பூட்டினான்" என்றார் தலைவர்.

இதைக் கேட்ட அன்று எனக்கு அக்காவில் வந்த மதிப்பு, பிறகு ஒருநாள் காரில் அவர் சொன்ன கதைக்குப் பிறகு குறையவில்லை. ஆனால் அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

ஓல்போர்க் பக்கத்தில் ஒரு போட்டிக்கு என் காரில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல அவர் கடைசியில் சில வட்டங்களை விட்டிருந்தார். நல்ல மழை. துடைப்பான் அங்குமிங்கும் போவதைப் பார்த்தபடி, கேட்காமலே சொன்னார்.

"என்ரை மகன் இஞ்சைதான் இருக்கிறான். இப்ப வந்த பாதையிலதான் அவன்ரை வீட்டுக்குத் திரும்புறது."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"இவருக்குத் திடீரெண்டு வருத்தம் கூடினது. ஆஸ்பத்திரியில கேட்டன், எத்தினை நாள் எண்டு. சொல்லேலாது, கிழமைக் கணக்காயும் இருக்கலாம் எண்டிச்சினம். மகனுக்குக் கடைசிச் சோதினை. ஐஞ்சு வருசம் படிச்சவன். சோதினை முடியட்டும், அதுக்குள்ள வடிவாய்த் தெரியவரும், அப்ப சொல்லுவம் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான். அப்பா எப்பிடி எண்டு கேப்பான். பரவாயில்லை எண்டன்."

துடைப்பான் போய் வந்தது.

"அவன் சோதினை மண்டபத்தில இருக்கேக்கை இவர் போயிட்டார்."

"அவர்... கேட்டவரோ மகனை?"

"கேட்டவர்."

ஸ்கீவ வந்து சேர்ந்தோம். இறங்கும்போது சொன்னார். "செத்தவீட்டிலை அவன் என்னட்டை ஒண்டுதான் கேட்டான். எதைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள் எண்டு."

"இப்ப நீங்கள் எடுத்துக் கதைக்கலாமே, அக்கா?"

"அவன்ரை கோவம் ஆறட்டும். ஆறமுந்தி எடுத்தால் பிழைச்சுப்போம்."

எத்தனை வருசமாக ஆறவிடுகிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நாங்கள் நெருக்கமானவர்கள் என்று வெளியே இருந்து பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். சிலர் வேறு மாதிரியும் நினைத்தார்கள். உண்மையில் ஒவ்வொரு புதன்கிழமையும் காதை மூடிக்கொண்டு அருகருகே இருந்தோம், அவ்வளவுதான். அவர் சுடுவதற்கு முன் ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சு எனக்குக் கேட்காது, தோள் இறங்குவது மட்டும் தெரியும். அது இறங்கும்போது நானும் என் மூச்சை விடப் பழகியிருந்தேன். என் வீட்டில் என்னோடு சேர்ந்து மூச்சுவிட ஒருவரும் இருக்கவில்லை.

பிறகொரு வசந்தத்தில் அவர் பிந்தி வந்தார். கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, துவக்குப் பெட்டியை ஒருக்கால் தூக்குவீரோ?" என்றார். தோள் போன காலத்திலும் அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்காதவர். தூக்கினேன். அவர் பின்னால் மெதுவாக நடந்து வந்தார்.

"என்னக்கா?"

"வயித்துக்குள்ள ஒரு கட்டி. வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் என்னவெண்டு தெரியுமாம். வாற வியாழன் விபோர்க் ஆஸ்பத்திரியிலை."

"மகனுக்குச் சொன்னீங்களோ?"

அவர் மணல்பையைத் தட்டிச் சரிசெய்தார். "வெட்டி முடியட்டும். என்னவெண்டு தெரியட்டும். ஒண்டும் தெரியாமல் சொல்லி, பிள்ளையை ஏன் பயப்பிடுத்துவான்."

"அக்கா, அண்டைக்கும் நீங்கள் இப்பிடித்தான்..."

அவர் காதுமூடியைப் போட்டுக்கொண்டார்.

அன்று காற்று நல்லாக இருந்தது. அக்கா எல்லா வட்டங்களையும் சுட்டார். நான் என் அட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த நாட்டில் ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. பெயரும் ஊரும் தெரிந்தால் போதும். இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு குசினியில் நெடுநேரம் இருந்தேன். இது என் விசயமல்ல. அவர் என்னிடம் நம்பிச் சொன்னதை நான் இன்னொருவரிடம் கொண்டுபோகிறேன். இதற்குப் பிறகு அவர் என் பக்கத்தில் வந்து இருக்காமல் விடலாம். இதையெல்லாம் நினைத்தேன். பிறகு, கிடையில் இருந்துகொண்டு மகனைக் கேட்ட அந்த மனிதரை நினைத்தேன். அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. எடுத்தேன்.

மகன் டெனிஷில்தான் கதைத்தான். நான் யார் என்று சொன்னேன். அம்மாவோடு சுடுகிற ஆள் என்றதும், "அம்மா சுடுகிறாவா?" என்று கேட்டான். அவனுக்கு அதுவே தெரிந்திருக்கவில்லை. விசயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு கதவு சாத்துப்பட்டது. பாட்டு நின்றது.

"அம்மாவா எடுக்கச் சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். "இல்லை" என்றேன். "அவவுக்குத் தெரியாது. தெரிஞ்சால் என்னோட கோவிப்பா."

பிறகு அவன் தமிழில் கேட்டான். நீண்டகாலம் பாவிக்காத தமிழ்.

"எத்தினை மணிக்கு?"

"வியாழக்கிழமை காலமை. விபோர்க்கிலை."

"இந்த முறை எனக்குச் சோதினை ஒண்டும் இல்லை" என்றான்.

வியாழன் நான் வேலையில் இருந்தேன். இயந்திரம் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு எந்தத் துண்டு எங்கே என்று தெரியாமல் நின்றேன். வெள்ளி பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பெரிய குளிரங்கி கிடந்தது. ஆள் இல்லை. அக்கா விழித்துக்கொண்டிருந்தார். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"கோப்பி எடுக்கப் போட்டான்" என்றார். பிறகு, "நீர்தான் சொன்னனீர்."

"ஓம், அக்கா."

"உம்மை ஆர் சொல்லச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். போகவா, நிற்கவா என்று தெரியவில்லை. கொண்டுபோன தோடம்பழப் பையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்போது அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகேக்கை அவன் கட்டிலோட ஓடி வந்தவன். சின்னப்பிள்ளை மாதிரி. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு. நான் சாகப்போறன் எண்டு நினைச்சானோ தெரியேல்லை." குரல் உடைந்தது. "அவனுக்குத் தலைமயிர் நரைச்சுப்போச்சுது, தம்பி. நான் பாத்துக்கொண்டிருக்க நரைச்சிருக்கவேணும்."

மகன் இரண்டு கோப்பியோடு வந்தான். என்னைக் கண்டதும் ஒன்றை என்னிடம் நீட்டினான். வாங்கினேன்.

கட்டி ஆபத்தானதல்ல என்று பிறகு தெரிந்தது. ஆனால் உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை. வேலையை விட்டார். அந்தக் கோடையில் மகன் வந்து வீட்டைக் காலிபண்ணி ஓல்போர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெட்டி தூக்க நானும் போனேன். துவக்கைக் கிளப் மூலமாக ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு விற்றார். எனக்கு நன்றி சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. காரில் ஏறியபிறகு கண்ணாடியை இறக்கி, "வரட்டே, தம்பி" என்றார். நான் "ஓம்" என்றேன்.

அடுத்த புதன்கிழமை அவருடைய மேசையில் ஒரு புது ஆள் இருந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு காதுமூடியைத் தூக்கி ஏதாவது சொல்லுவார். தன் நாயைப் பற்றி, வரியைப் பற்றி, ஸ்பெயினில் வெயில் எப்படி என்பதைப் பற்றி. என் மூச்சு அவருடைய தோளோடு ஒருநாளும் சேரவில்லை. எனக்கு இப்போது போட்டிகளில் முன்பைவிட நல்ல புள்ளிகள் வருகின்றன. தலைவர் கைகொடுப்பார். வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லாததால், காரிலேயே கொஞ்சம் இருந்துவிட்டு உள்ளே போவேன்.

ஒரு வருசம் கழிந்து மகன் போன் எடுத்தான். பேத்தியின் பிறந்தநாள், அம்மா உங்களைக் கூப்பிடச் சொன்னா என்றான். "அம்மாவா எடுக்கச் சொன்னது?" என்று நான் கேட்டேன். "ஓம், அம்மாதான்" என்று சிரித்தான்.

போனேன். வீடு நிறைய ஆட்கள். பலூன்கள், டெனிஷ் கொடிகள், வடையும் கேக்கும் ஒரே மேசையில். மகனுடைய மனைவி ஒரு டெனிஷ் பெண், அக்காவை "அம்மா" என்று சரியாகக் கூப்பிட்டாள். அக்கா கொஞ்சம் பெருத்திருந்தார், பச்சைச் சேலை கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மேசையில் இருத்தினார். தனக்கு நேரமிருக்கிறது என்று காட்டுகிறமாதிரி எனக்கு நேரெதிரே வந்து இருந்தார்.

"சுகமாய் இருக்கிறீரோ?"

"ஓம், அக்கா. நீங்கள்?"

"எனக்கென்ன. இவையள் பாக்கினம்."

அதற்குப் பிறகு என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கிளப்பில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார், சொன்னேன். வடை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் யன்னலைப் பார்த்தோம். வெளியே மரம் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் கண்டேன். கொண்டை கட்டியிருந்ததால் தெரிந்தது. அவருடைய வலது காதுக்குக் கீழே, கழுத்துவரை இறங்குகிற ஒரு பழைய தழும்பு இருந்தது. சுருங்கி, வெளிறி, நூல்போல. இத்தனை வருசமாக அந்தப் பக்கம் சுவர் இருந்தது. இங்கே ஓட்டுகிறவர் இடப்பக்கம் இருப்பதால் காரிலும் அந்தப் பக்கம் யன்னல்தான்.

நான் பார்ப்பதை அவர் கண்டார். கையைக் கொண்டுபோய் மறைக்கவில்லை. நான் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்கமுதல் பேத்தி ஓடிவந்து அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். மெழுகுதிரி கொளுத்தப் போகிறார்களாம், டெனிஷில் அவசரப்படுத்தினாள். அக்கா எழுந்து போனார். குசினிப் பக்கமிருந்து எல்லாரும் பாடத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பாட்டின் சொற்கள் தெரியும். மேசையில் தனியாக இருந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் நானும் பாடினேன்.